இரண்டு நிமிடம் யாருடையது? தம்பானூரில் ஒரு டர்போ டைமர்

தம்பானூரில் தொடர்வண்டி நிலையமும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையமும் சாலையின் இரு மருங்கிலும் எதிரெதிரே நிற்கின்றன. அங்கிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில், வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் சிறு கடையின் வாசலில், சில வாரங்களுக்கு முன் ஒரு வாக்குவாதத்தைக் கேட்க நேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டப் பதிவெண் கொண்ட ஒரு டீசல் லாரி எஞ்சின் ஓடியபடி நின்றுகொண்டிருந்தது. இருக்கையில் எவரும் இல்லை. அவ்வழியே வந்த போக்குவரத்துக் காவலர், டிரைவர் எங்கே என்று கேட்டார். எதிர்க்கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்த இளைஞர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "சாவி என் கையிலதான் இருக்கு சார். இன்னும் நாப்பது செகண்டுல தானா நின்னுரும்" என்றார். சொன்னபடியே நின்றது. காவலர் சிரிக்கவில்லை. இப்படி ஓடவிட எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

போக்குவரத்துத் தொழிலின் வரலாற்றை ஆராய்பவன் என்ற முறையில், அண்மையில் என் காதில் விழுந்த மிக நல்ல கேள்வி அது. அதைத் தொடர்ந்துபோனதில் கிடைத்தவற்றை மாணவ நண்பர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்துக்கொள்ளவும்.

அந்த லாரியில் அன்று முடிந்திருந்த வேலையிலிருந்து தொடங்குகிறேன். முன்கண்ணாடியின் ஓரத் தூணில் மூன்று வட்ட மீட்டர்கள் புதிதாக ஏறியிருந்தன. முதலாவது டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டுவது. இரண்டாவது ஆயில் அழுத்தத்துக்கு. மூன்றாவது எஞ்சினைவிட்டு வெளியேறும் புகையின் வெப்பத்துக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. அதில் எண்கள் இறங்கிக்கொண்டிருக்கும். அதுதான் டர்போ டைமர். சாவியைத் திருப்பி எடுத்த பிறகும், குறித்த நேரம் வரை எஞ்சினை ஓடவிட்டு, பின் தானே அணைப்பது அதன் வேலை.

இவற்றைப் பொருத்துவதில் கடினமானது மின்வேலை அன்று. புகை வெப்பத்தை அளக்கும் முனையை இறக்குவதுதான். டர்போவுக்கு முன்னால், எஞ்சினோடு ஒட்டிய வார்ப்பிரும்பு மெனிஃபோல்டில் துளையிட்டு மரை எடுக்க வேண்டும். உளி முனையளவு இரும்புத்தூள் உள்ளே விழுந்தாலும் அது நேரே டர்போவின் இதழ்களில் போய் மோதும். ஆகவே துளைக்கும் முனையில் கிரீஸ் தடவித் தூளை ஒட்டவைப்பார்கள், காந்தத்தால் துழாவுவார்கள், வேலை தெரிந்தவர் மெனிஃபோல்டையே கழற்றிவைத்துத் துளையிடுவார். ஆயில் மீட்டரில் வேறொரு அபாயம் உண்டு. பழைய முறைப்படி எஞ்சின் ஆயிலையே மெல்லிய குழாய்வழியே கேபினுக்குள் கொண்டுவந்தால், குழாய் விரிசல்விடும் நாளில் கொதிக்கும் ஆயில் ஓட்டுநரின் முழங்காலில் பீச்சும். இப்போது எஞ்சினருகே ஓர் உணரியை வைத்துக் கம்பியை மட்டும் உள்ளே இழுக்கிறார்கள். அந்தக் கடையில் செய்திருந்ததும் அதுவே.

மூன்று மீட்டர்களுக்கும் நீண்ட வம்சாவளி உண்டு. அழுத்தமானிக்கு மூலம் 1849இல் பிரான்சின் எழேன் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய். தட்டையான, வளைந்த ஒரு குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிர முயலும்; அந்த நிமிர்வை ஒரு முள்ளுக்கு மாற்றினால் மீட்டர். நீராவிக் கொதிகலன்கள் வெடித்து உயிர்களைக் குடித்த காலத்தின் தேவை அது. வெப்பமானியின் கதை இன்னும் பழையது. இரு வேறு உலோகங்களை இணைத்துச் சூடேற்றினால் மின்விசை பிறக்கிறது என்பதை சீபெக் 1821இல் கண்டார். இன்று லாரிப் புகைக்குள் இறங்கும் முனையில் உள்ள நிக்கல்–குரோமியக் கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். ஒரு டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட். அவ்வளவு நுண்ணிய துடிப்பைத்தான் அந்த முள் பெரிதாக்கிக் காட்டுகிறது.

டர்போவின் பிறப்பு ஆண்டு 1905. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி, வீணாகப் போகும் புகையின் விசையைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தால் எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைத் திணிக்கலாம் என்று காப்புரிமை எழுதினார். நடைமுறைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் எஞ்சின்கள் டர்போவால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்கு உயர்ந்தன. சாலைக்கு அது இறங்கியது 1938இல், சுவிட்சர்லாந்தின் சாரர் லாரிகளில்.

1938 என்ற ஆண்டு திருவனந்தபுரத்தாருக்கு வேறு காரணத்தால் நினைவிருக்கும். அவ்வாண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மன்னர் சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கிவைத்தார். அதை உருவாக்க, லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்ட்டர் முந்திய ஆண்டே அழைத்துவரப்பட்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து காமர் அடிச்சட்டங்கள் வந்தன. அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். மேற்கூடு உள்ளூரிலேயே கட்டப்பட்டது. பெர்க்கின்ஸ் என்ற நிறுவனமே 1932இல் பிறந்ததுதான். சாலையில் ஓடும் வேக டீசல் என்பது உலகெங்கும் புத்தம் புதிதாக இருந்தபோதே ஒரு சமஸ்தான அரசு தன் பேருந்துத் துறையை அதன்மேல் நிறுத்தியது என்பதை நாம் போதிய அளவு வியக்கவில்லை. அந்தத் துறைதான் 1965இல் கழகமாயிற்று. நாகர்கோவிலும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தவை என்பதால், இது தமிழ் பேசும் நிலத்தின் டீசல் வரலாறும்கூட.

அந்த பெர்க்கின்ஸ் எஞ்சின்களில் டர்போ கிடையாது. ஐம்பதுகளிலிருந்து இந்தியச் சாலைகளை ஆண்ட எண்ணூர் லேலண்டுகளிலும் ஜாம்ஷெட்பூர் டாட்டா–மெர்சிடிஸ் லாரிகளிலும் நெடுங்காலம் டர்போ இல்லை. 1982இல் டர்போ எனர்ஜி நிறுவனம் தமிழ்நாட்டில் நிறுவப்பட்டது. டாட்டாவின் 697 எஞ்சின் (ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம், பெயரிலேயே அளவு இருக்கிறது) '697 டிசி' என டர்போ வடிவம் எடுத்தது. 2000இல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபின் டர்போ இல்லாத கனரக டீசல் அரிதாயிற்று. திறனுக்காகப் பிறந்த கருவி, புகையைக் குறைப்பதற்காகப் பரவியது.

இங்கே ஒரு கேள்வியை நான் மாணவர்களிடம் அடிக்கடி வைப்பேன்: ஒரு வண்டியின் டாஷ்போர்டில் எது இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது யார்? ஸ்பீடோமீட்டர் சட்டம் கேட்பது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் அதற்கெனத் தனி விதியே உண்டு. ஓடிய தூரம் முதலாளி கேட்பது. வாடகை, சம்பளம், டீசல் கணக்கு மூன்றும் அதில் தொங்குகின்றன. காற்றுப் பிரேக்கின் அழுத்தம் பாதுகாப்புக்காக. ஆயில் அழுத்தம் எஞ்சினைக் காக்க. அதுவும் பல வண்டிகளில் முள்ளிலிருந்து சிவப்பு விளக்காகச் சுருங்கியது. விளக்கு எரியும்போது சேதம் பெரும்பாலும் நடந்துமுடிந்திருக்கும். 1975 முதல் கோயம்புத்தூரில் வண்டி மீட்டர்களைச் செய்துவரும் பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் எந்த முள்ளையும் செய்துதர வல்லவைதாம். செய்யச் சொல்பவர் வண்டித் தயாரிப்பாளர். ஓட்டுநரின் கேள்வி எதுவோ அதற்கு அந்தப் பலகையில் இடம் இருந்ததில்லை.

ஓட்டுநரின் கேள்வி என்ன? பாரத்தோடு மேடேறும்போது எஞ்சின் உள்ளுக்குள் எவ்வளவு காய்கிறது என்பது. தண்ணீர் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் அதைச் சொல்லாது. தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். புகையின் வெப்பமோ ஆக்ஸிலேட்டரை மிதித்த சில நொடிகளில் ஏறுகிறது. நின்ற இடத்தில் மெல்ல ஓடும் எஞ்சினில் 200 டிகிரிக்கும் கீழே இருப்பது, முழுப் பாரத்தில் 600ஐத் தாண்டும். 700ஐ நெருங்கினால் கால் எடுக்க வேண்டிய நேரம். முந்தைய தலைமுறை ஓட்டுநர்கள் இதைக் காதால் அறிந்தார்கள். எஞ்சினின் குரல் கம்மும் இடம் தெரியும், புகை கறுக்கும் இடம் தெரியும், கியரை இறக்கும் இடம் தெரியும். டர்போ வந்தபின் குரல் மாறிவிட்டது. கேபின்களின் சத்தத்தடுப்பு கூடியதும், பழைய காது பழைய பாடத்தோடு நின்றுபோனது. அந்த இளைஞர் தூணில் ஏற்றியிருந்த மூன்றாவது மீட்டர் அவ்வகையில் அலங்காரம் அன்று. இழந்த காதுக்குப் பதிலாக வாங்கிய கண்.

இனி அந்த இரண்டு நிமிடத்துக்கு வருவோம். லாரி டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளை எட்டக்கூடியது. அந்த வேகத்தில் அதைத் தாங்குவது உலோகம் அன்று, உலோகத்துக்கு நடுவே ஓடும் ஆயில் படலம். ஆயிலைத் தள்ளுவது எஞ்சின். எஞ்சினைச் சட்டென்று அணைத்தால் ஆயில் நிற்கிறது. ஆனால் அச்சு இன்னும் சுழல்கிறது, பக்கத்து வார்ப்பிரும்போ செந்தழலின் சூட்டில் இருக்கிறது. தேங்கிய ஆயில் அங்கேயே கருகிக் கரியாகப் படியும். பலமுறை படிந்தால் ஆயில் வழி அடைபடும், தாங்கி தேயும், ஒருநாள் டர்போ போகும். ஆகவே டர்போ வண்டிகளின் கையேடுகள் அணைப்பதற்கு முன் சில நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிடச் சொல்கின்றன.

அந்தச் சில நிமிடத்தை யார் கொடுப்பது? முன்பு கிளீனர் கொடுத்தார். இது நான் சந்தித்த முதிய லாரி ஓட்டுநர்கள் பலரின் பேச்சிலிருந்து கோத்தெடுத்த முடிவு. பழைய டீசல் லாரிகளில் சாவிக்கும் எஞ்சின் நிற்பதற்கும் தொடர்பே இல்லை. டீசலில் தீப்பொறி இல்லாததால் மின்சாரத்தை நிறுத்தினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். எரிபொருளை நிறுத்தினால்தான் நிற்கும். அதற்கென டாஷ்போர்டுக்குக் கீழே இழுக்கும் ஒரு குமிழ் இருந்தது. ஓட்டுநர் காகிதங்களோடு சோதனைச்சாவடிக்கு ஓடுவார். கிளீனர் கேபினில் உட்கார்ந்திருந்து, சற்றுக் கழித்துக் குமிழை இழுப்பார். ஏட்டில் இல்லாத, சம்பளமும் குறைவான ஒரு மனித டைமர். பிறகு சாவியைத் திருப்பினாலே எரிபொருளை வெட்டும் மின்வால்வுகள் வந்தன. மின்னணு எஞ்சின்கள் வந்தன. பல லாரிகளில் கிளீனரும் காணாமல் போனார். டர்போ டைமர் நுழைந்தது அந்தக் காலியிடத்தில்.

அது நமக்காகப் பிறந்த பொருளும் அன்று. 1980களிலும் 90களிலும் ஜப்பானில் பெட்ரோல் பந்தய மோகக் கார்களுக்காக விற்கப்பட்டது அது. பெட்ரோல் எஞ்சினின் புகை டீசலைவிட மிகவும் சூடானது. 900 டிகிரியையும் தொடும். அங்கே அவசியமாக இருந்தது இங்கே பாதி அவசியமே. நாகர்கோவிலிலிருந்து வரும் ஒரு பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலராமபுரம், பாப்பனம்கோடு, கரமனை, கிள்ளிப்பாலம் என்று நெரிசலில் ஊர்ந்து தம்பானூர் சேரும்போது டர்போ தானாகவே ஆறியிருக்கும். அணைத்துவிடலாம். மாறாக, செங்கோட்டையிலிருந்து புளியரை வளைவுகளில் பாரத்தோடு ஏறி ஆரியங்காவில் நிறுத்தும் லாரிக்கு அந்த இரண்டு நிமிடம் உயிர்நிலை. 2017 ஜூலையில் சரக்கு–சேவை வரி வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் ஒழியும்வரை, ஏறிமுடித்த எஞ்சினை உடனே அணைத்துவிட்டு வரிசைக்கு ஓட வேண்டிய கட்டாயம் அங்கே நாள்தோறும் இருந்தது. சாவடி ஒழிந்ததால் வணிகர் மிச்சப்படுத்திய நேரத்தைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. டர்போக்கள் மிச்சப்பட்டதை எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. (ஓர் எம்.ஃபில். தலைப்பு சும்மா கிடந்தது, இப்போது எம்.ஃபில்.லும் இல்லை.)

பேருந்துக் கழகங்களில் இதே நிமிடம் வேறொரு கணக்கேட்டில் ஏறுகிறது. 1978இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்ட நாள்முதல், 'நிற்கும்போது எஞ்சினை அணையுங்கள்' என்பது அரசின் ஓயாத அறிவுரை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஓட்டுநர்வாரியாகவே கணக்கிடுகின்றன. கணக்கு நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். நின்றபடி ஓடும் பெரிய டீசல் எஞ்சின் மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிப்பதாக வைத்தால், இரண்டு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர். நாளைக்கு எட்டு நிறுத்தம் என்றால் 400. 5,000 பேருந்து உள்ள கழகத்துக்கு அது நாளொன்றுக்கு 2,000 லிட்டர். ஆனால் அணைத்ததால் கருகிய டர்போ பணிமனையின் கணக்கில் எழுதப்படும். அணைக்காததால் எரிந்த டீசல் ஓட்டுநரின் கணக்கில் எழுதப்படும். எந்த அறிவுரையை அவர் கேட்பார் என்பதைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை.

காவலரின் கேள்விக்கும் விடை இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, பொது இடத்தில் நிறுத்தப்பட்ட வண்டியின் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், இல்லையேல் எஞ்சின் அணைக்கப்பட்டுப் பிரேக் போடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 'அல்லது', வண்டி தற்செயலாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் சேர்க்கிறது. இது 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வழிவந்த வாசகம். ஆளில்லாமல் ஓடும் எஞ்சினை அபாயமாக மட்டுமே கண்ட காலத்தது. அந்த 'அல்லது' பிரேக்கோடு மட்டும் சேர்கிறதா, எஞ்சினை அணைப்பதற்கும் மாற்றாக நிற்கிறதா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். முதலாவது என்றால் சாயாக்கடை இளைஞர் குற்றவாளி. அவருக்கு முன்னோடியான உரிமமில்லாக் கிளீனரும் அப்படியே. இரண்டாவது என்றால், நல்ல டைமர்களில் கைப்பிரேக்கோடு இணைக்கவென்றே வரும் ஒரு கம்பியில் எல்லாம் தங்கியிருக்கிறது. பிரேக் விடுபட்டால் அக்கம்பி உடனே எஞ்சினை அணைத்துவிடும். அவசரத்தில் வேலைசெய்யும் கடைகள் விட்டுவிடும் கம்பியும் அதுதான்.

கேரளத்தில் இப்போது வண்டியில் எதைக் கூட்டினாலும் சந்தேகம் எழுவதற்குக் காரணங்கள் உண்டு. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு சோதனைகள் இன்னும் கடுமையாயின. அவற்றின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. பதிவுச் சான்றிதழின் எந்த விவரத்தையும் மாற்றாத ஒரு வெப்பமானியையும், ஒளிவெள்ளம் பாய்ச்சும் அலங்கார விளக்கையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்தான் எனக்குச் சங்கடம்.

கடை ஆசானிடம் அன்று மாலை நெடுநேரம் பேசினேன். மீட்டரையும் டைமரையும் ஒரே தொகுப்பாகக் கேட்டு வருகிறார்கள் என்றார். யோசித்தால் இரண்டும் எதிரெதிரானவை. மீட்டர், எஞ்சினைப் படிக்கும் பொறுப்பை ஓட்டுநரிடமே தருகிறது. டைமர் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதற்கு வெப்பம் தெரியாது, கடிகாரம் மட்டுமே தெரியும். ஆறிப்போன எஞ்சினையும் அது இரண்டு நிமிடம் ஓட்டும். கொதிக்கும் எஞ்சினையும் இரண்டே நிமிடத்தில் அணைக்கும்.

அந்த இளைஞரைச் சென்ற வாரம் சாலைச் சந்தைக்குக் காய்கறி இறக்க வந்தபோது மறுபடி பார்த்தேன். டைமரில் 0 என்று வைத்திருந்தார். "ஊருக்குள்ள முள்ளு எறநூறுக்குக் கீழதான் கெடக்கு அண்ணாச்சி, எதுக்கு டீசல எரிக்கணும்?" என்றார். ஆரியங்காவு ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முள் இறங்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.